காற்றுக்குக் குட்டை மரம், மாட்டுக்கு நெட்டை மரம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

காற்று ஓயாத நிலத்தில் பழமரம் வைப்பவருக்கு மரம் தாழ்வாக இருக்க வேண்டும். அதே நிலத்தில் மாடு மேய்ப்பவருக்கு மரம் உயரமாக இருக்க வேண்டும். மாட்டின் வாய்க்கு எட்டாத இடத்தில் முதல் கிளை தொடங்க வேண்டுமானால் தண்டு மட்டுமே ஆறடி நிற்க வேண்டும். அந்த ஆறடிக்கு மேல் இருக்கும் கொப்பு முழுவதும் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. சின்ன நிலத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் முட்டி நிற்பது இங்கேதான். எந்தப் பழம், எந்த ஆடு என்பதெல்லாம் அப்புறம்.

காற்று வேகம் இரண்டு மடங்கானால் மரத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. தரையை விட்டு மேலே போகப் போக வேகமும் கூடுகிறது. அதனால் மூன்றடி உயரத்தைக் குறைப்பது நாம் நினைப்பதை விடப் பெரிய உதவி. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இரண்டு வழிகளையும் எடை போட வேண்டும்.

நெட்டை மரம், அடியில் மேய்ச்சல்

பார்க்க அழகான ஏற்பாடு இது. ஒரே நிலம் பழமும் தரும், புல்லும் தரும். மாடு நிழலில் நிற்கும், சாணம் அங்கேயே விழும். காற்று மிதமான இடத்தில் இதைக் குறை சொல்ல மாட்டேன்.

காற்று அடிக்கும் இடத்தில் கணக்கு மாறுகிறது. மாட்டுக்கு ஆறடித் தண்டு, செம்மறிக்கு நாலரை அடித் தண்டு. அவ்வளவு உயரத்துக்கு வளர வீரியமான வேர்ச்செடியில் (ஒட்டுக்கன்றுக்கு வேராக நிற்கும் அடிச்செடி) ஒட்டிய கன்று வேண்டும். அது காய்ப்புக்கு வரப் பல வருடம் எடுக்கும். அதுவரை ஒவ்வொரு மரத்துக்கும் தனிக் கூண்டு கட்ட வேண்டும். மாடு உடம்பைத் தேய்க்கும், முட்டும், சாயும். மூங்கில் தட்டி அதன் முன் நிற்காது. கனமான மரக்கால்கள் நாலு ஊன்ற வேண்டும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. காற்றில் ஆடும் இளந்தண்டு அந்தக் கூண்டிலேயே உரசிப் பட்டையை இழக்கும். மாட்டிடமிருந்து காக்கக் கட்டியதே மரத்துக்குப் புண் ஆகிவிடுகிறது.

வேர்களின் நிலையும் சரியில்லை. காற்றுக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் மாடுகள் ஒரே மரத்தடியில் கூடும். ஈரமண் மிதிபட்டு இறுகும். இறுகிய மண்ணில் வேர் ஆழம் போகாது. ஆழம் போகாத வேரின் மேல் உயரமான கொப்பு இருந்தால், பெரிய காற்றில் முதலில் சாய்வது அந்த மரமாகத்தான் இருக்கும்.

குட்டை மரம், சுற்றிலும் வேலி

மரங்களை ஒரு மூலையில் சேர்த்து, அந்த மூலைக்கு மட்டும் வேலி போட்டு, கால்நடையை வெளியே வைப்பது இரண்டாவது வழி. என் ஓட்டு இதற்கே. வேலிச் செலவு அதிகம் என்று சொல்பவர்கள் ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும். 40 மரங்களுக்குத் தனித்தனிக் கூண்டு என்றால், ஒன்றுக்கு நாலு வீதம் 160 கால்கள். அதே 40 மரங்களை 12 அடி இடைவெளியில் ஐந்து வரிசையாக, வரிசைக்கு எட்டாக வைத்தால் 60 அடிக்கு 96 அடி இடம் போதும். சுற்றளவு 312 அடி. பத்தடிக்கு ஒரு கால் என்றால் 32 கால்கள். கம்பியும் கதவும் சேர்த்தாலும் வேலை குறைவுதான். கவாத்துக்கும் (கிளை வெட்டிச் சீர்படுத்துவது) அறுவடைக்கும் நடக்கும் தூரமும் குறைகிறது.

ஆனால் குட்டை என்றால் எந்தக் குட்டை? இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆப்பிளில் எம் 9 என்ற வேர்ச்செடி மரத்தை எட்டுப் பத்து அடிக்குள் நிறுத்தும், சீக்கிரம் காய்க்கும். ஆனால் அதன் வேர் ஆழமற்றது, எளிதில் முறியும். ஆயுள் முழுக்க ஊன்றுகோல் வேண்டும். காற்று நிலத்தில் அது வேண்டாம். நடுத்தர உயரம் தரும் எம்எம் 106 வேரில் ஒட்டிய கன்றை வாங்கிக் கவாத்து செய்து தாழ்த்துவது நல்லது. மா, கொய்யா போன்றவற்றிலும் இதே முறைதான். இளம் கன்றை இரண்டடி உயரத்தில் வெட்டிவிட்டால் அங்கிருந்து பக்கக் கிளைகள் பிரிந்து தாழ்ந்த குடையாக வரும். வேர் வலுவாக இருக்கட்டும், தலை தாழ்வாக இருக்கட்டும். வாழை, பப்பாளி இரண்டும் இந்த நிலத்தில் கடைசி வரிசைக்குப் போக வேண்டியவை. இலை கிழிவது பரவாயில்லை, குலையோடு சாய்வதுதான் வலி.

நடும்போது பெரிய கன்று வேண்டாம். ஒரு வயதுக் கன்று புதிய மண்ணில் சீக்கிரம் வேர்பிடிக்கும். மூன்று வயதுக் கன்று நட்ட நாளிலிருந்தே காற்றோடு மல்லுக்கட்டும். ஊன்றுகோல் தேவைப்பட்டால் கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டக் கூடாது. மேல்பகுதி ஆட வேண்டும். ஆடினால்தான் தண்டின் அடி தடிக்கும், வேர் பிடிக்கும். உச்சி வரை கட்டிவைத்த கன்று, கட்டை அவிழ்த்த அன்றே வளையும்.

யார் உள்ளே வரலாம்?

வெள்ளாடு கூடாது. அது புல்லை விட இலையையும் பட்டையையும் விரும்பும் பிராணி. பின்னங்காலில் நின்று எட்டும். அரை மணி நேரம் உள்ளே நுழைந்தால் போதும், தண்டைச் சுற்றிப் பட்டை உரிந்துவிடும். சுற்று முழுவதும் பட்டை போன மரம் பிழைப்பது அரிது. பன்றி மண்ணைக் கிளறி வேரை அம்பலப்படுத்தும்.

செம்மறி நடுவில் நிற்கிறது. முதன்மையாகப் புல் மேயும். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் இனத்துக்கு மரத்தை அதிகம் தொடாத ஆடு என்றே பெயர் உண்டு. ஆனாலும் புல் தீர்ந்தால் எந்தச் செம்மறியும் பட்டைக்கு வாய் வைக்கும். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பூஞ்சை நோய்க்குப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) தெளிக்கும் தோட்டமாக இருந்தால் அதிலுள்ள தாமிரம் புல்லில் படியும். தாமிரத்தைத் தாங்கும் சக்தி செம்மறிக்கு மிகக் குறைவு. கல்லீரலில் சேர்ந்து கொல்லும். தாமிரம் தெளிப்பவர் செம்மறியை உள்ளே விடவே கூடாது.

கோழி நல்ல தோழன். விழுந்த பழத்தில் நெளியும் புழுவைப் பொறுக்கும். ஆனால் மரத்தடியில் பரப்பிய தழை மூடாக்கைக் கிளறி எறிந்துவிடும், அதனால் இளங்கன்றின் அடியில் கல் பரப்ப வேண்டும். கோழிக்குக் காற்றே பிடிக்காது. திறந்த இடத்துக்குப் போகாமல் ஒதுக்குப்புறத்தில் குவியும். அந்த இடம் மொட்டையாகி எச்சம் நிறைந்துவிடும். கோழிக்கூண்டை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், தரையோடு இழுத்துக் கட்டவும் வேண்டும். எச்சம் விழுந்த தரையிலிருந்து பழம் பொறுக்கித் தின்னக் கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதி, மட்காத எருவுக்கும் அறுவடைக்கும் இடையே மண்ணில் படாத விளைச்சல் என்றால் 90 நாள், படுவது என்றால் 120 நாள் இடைவெளி கேட்கிறது. உள்ளே கோழி விடுபவருக்கும் அது நல்ல அளவுகோல்.

வெளியே நிற்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலிக்கு மேலாகப் புல்லை அறுத்துப் போடலாம், கவாத்துத் தழையையும் போடலாம். பிளம், செர்ரி இலை மட்டும் வேண்டாம். வாடும்போது அதில் சயனைடு விஷம் வெளிப்படும். அவகாடோ இலையும் ஆட்டுக்கும் குதிரைக்கும் விஷம்.

காற்றைத் தடுப்பது எது?

கெட்டியான சுவர் வலிமையாகத் தோன்றும். ஆனால் காற்று அதன் மேல் ஏறிக் குதித்து மறுபக்கம் சுழலும். பாதிக் காற்றை வடிகட்டி விடும் தடுப்புதான் மறுபக்கம் காற்று அடங்கிய இடத்தைத் தரும். கிட்டத்தட்ட பாதி இடம் திறந்திருக்க வேண்டும். வலை அந்தப் பாதியைக் கட்டிய நாளிலேயே தரும். மர வரிசை அந்த நிலைக்கு வர வருடக்கணக்கில் ஆகும், ஆனால் உயரம் ஏற ஏற அதிக தூரம் காக்கும். தடுப்பின் உயரத்தைப் போல பத்து மடங்கு தூரம் வரை பயன் தெரியும்: 15 அடி வரிசை என்றால் 150 அடி. எனவே இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம், மரம் வளர்ந்ததும் வலையை எடுத்துவிடலாம். வரிசையில் இடைவெளி விட்டால் அங்கே காற்று முன்பை விட வேகமாகப் பாயும், ஆகவே கதவைக் காற்று வரும் பக்கம் வைக்க வேண்டாம். கடலோரத்தில் சவுக்கு நன்றாக நிற்கும். அரளியை மட்டும் வைக்காதீர்கள். அதன் சில இலைகளே மாட்டைக் கொல்லப் போதும். தடுப்பு மரங்களையும் ஆடு தின்னும் என்பதால் அவற்றுக்கும் ஒரு வேலி வேண்டும்.

காற்று அடங்கிய இந்த இடம் யாருக்கு? மர வரிசையை ஒட்டிய 15 அடியில் அதன் வேர்கள் தண்ணீரை உறிஞ்சும். அங்கே பழமரம் ஏங்கும். அந்தத் துண்டைக் கோழிக்கும் கொட்டகைக்கும் விடலாம். அதற்கு அடுத்த எண்பது தொண்ணூறு அடி பழமரத்துக்கு. பூக்கும் காலத்தில் தேனீ வந்தாக வேண்டுமே. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று வீசினால் தேனீ நடமாட்டம் குறைந்துவிடும். பழமரங்களுக்கு அப்பால் மேய்ச்சல். மாடு தானாக நடந்து ஒதுங்கும், மரத்தால் அது முடியாது.

ஆனால் மழையும் காற்றும் சேர்ந்தால் மாடும் தவிக்கும். உலர்ந்த குளிர்கால ரோமம் இருந்தால் 0 டிகிரி வரை சமாளிக்கும் மாடு, நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே உடல் சூட்டுக்குத் தீவனத்தைச் செலவழிக்கத் தொடங்கும். வெள்ளாட்டுக்கு இன்னும் சிரமம். மூன்று பக்கம் மூடி, காற்றுக்கு முதுகு காட்டும் கொட்டகை இருவருக்கும் வேண்டும். ஈனும் ஆடு இருந்தால் அதற்குள் இன்னொரு மூலை. ஈரம் காயாத குட்டியைக் காற்று சில மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு போய்விடும்.

அறுவடை முடிந்து, பழத்தோட்டத்தில் புல் முழங்காலளவு நின்றால், தாமிரம் தெளிக்காதவர்கள் செம்மறியை நாலைந்து நாள் உள்ளே விடலாம். விழுந்து கிடக்கும் பழங்களை முதலில் பொறுக்கிவிடுங்கள், வயிறு முட்டத் தின்றால் அமிலம் ஏறும். தினமும் மாலை தண்டுகளைத் தடவிப் பாருங்கள். பட்டையில் முதல் பல் தடம் தெரிந்த அன்றே வெளியே ஓட்டிவிட வேண்டும்.