கர்ப்பிணிக்குச் சிறுநீரக டாப்ளர்: பரிசோதனை நிறைவு, அறிக்கை குறைவு

ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கைக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே விட்டுவிட்டு வலி இருந்தது. சாதாரண ஸ்கேனில் வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. கருப்பை அழுத்துவதாலேயே கர்ப்பிணிகளுக்கு, பெரும்பாலும் வலப்பக்கத்தில், இப்படி வீங்குவதுண்டு என்றாலும், கல் ஏதும் சிறுநீர்க்குழாயை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என மகப்பேறு மருத்துவர் கருதினார். சி.டி. எடுத்தால் கருவுக்குக் கதிர்வீச்சு படும் என்பதால் ஒலி அலைகளால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குச் சென்றோம்.

தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வரும்படி சொன்னவர்கள், முன்பதிவு இருந்தும் ஒன்றேகால் மணி நேரம் காக்கவைத்தார்கள். ஏழு மாத வயிற்றோடு இருப்பவளுக்கு இது சிறிய சிரமமன்று.

ஆனால் ஸ்கேன் செய்த மருத்துவரிடம் குறை சொல்ல எதுவுமில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் மூன்று இடங்களில் இரத்த ஓட்டத்தை அளந்தார். உச்ச வேகத்திலிருந்து, இதயம் விரிந்து முடியும் நேரத்து வேகத்தைக் கழித்து, அதை உச்ச வேகத்தால் வகுத்தால் வருவது, இரத்த ஓட்டத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று காட்டும் ஆர்.ஐ. என்னும் எண். சிறுநீர்க்குழாயில் அடைப்பு இருந்தால் அது பொதுவாக 0.70ஐத் தாண்டும், அல்லது இரு பக்கத்துக்கும் 0.10 அளவில் வேறுபாடு காட்டும். தங்கைக்கு வலப்பக்கம் 0.64, இடப்பக்கம் 0.62.

அதோடு விடாமல் சிறுநீர்ப்பையையும் பார்த்தார். சிறுநீர்க்குழாயிலிருந்து பைக்குள் சிறுநீர் பீச்சும்போது திரையில் சிவப்பாக ஒரு தீற்றல் தோன்றி மறையும். இடப்பக்கம் அது பலமுறை தெரிந்தது. வலப்பக்கம் சில நிமிடங்கள் பார்த்தும் ஒன்றுமில்லை. எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அவரோ பதறாமல் தங்கையை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். கருப்பையின் பாரம் விலகியதும் வலப்பக்கத் தீற்றலும் பளிச்சென்று வந்தது. மல்லாந்த நிலையிலேயே முடித்திருந்தால் அடைப்பு என்றே எழுதியிருக்கக்கூடும். பகுதி அடைப்பில் ஆர்.ஐ. மாறாமலும் இருக்கலாம், எனவே வலி கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும் என்றும் அவரே எச்சரித்தார்.

இத்தனை கவனமாகப் பார்த்ததற்கு, அறிக்கையில் இருந்தது 'அடைப்பு இல்லை' என்ற ஒரே வரி. பின்னால் ஒப்பிடுவதற்கு மகப்பேறு மருத்துவருக்கு அந்த எண்கள் தேவை என்று வரவேற்பு மேசையில் இரண்டு முறை எடுத்துச் சொன்ன பிறகே, அரை மணி நேரம் கழித்துத் திருத்திய அறிக்கையைத் தந்தார்கள். மறுபடி பார்க்க நேர்ந்தால் அதே மருத்துவரிடம்தான் போவோம், காலையில் முதல் ஆளாக.