பெல்ஜியம் தீட்டுக்கல்லுன்னு தரைக்கல்லை 7,500 ரூபாய்க்கு வித்துட்டாங்க, காரைக்குடி பக்கம் வர்றவங்க பாத்துக்கோங்க

சவரக்கத்தி தீட்டுற பைத்தியம் புடிச்சவங்க நம்மூர்ல எத்தனை பேர் இருப்பீங்கன்னு தெரியல, இருந்தா படிங்க. பழைய சாமான் கடை ஒண்ணு, பேரு போடல, சண்டை போடத் தெம்பு இல்ல. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைன்னு நெனச்சுக்காதீங்க, அங்க வருஷக்கணக்கா எனாமல் தட்டு, பூட்டுன்னு வாங்கிருக்கேன், ஒரு குறையும் வந்ததில்ல. இது வேற பக்கம்.

எங்க ஐயா பினாங்குல ஒரு கடையில கணக்கு எழுதிட்டு இருந்தவுக, அவுக கொண்டு வந்த ஜெர்மனி சோலிங்கன் சவரக்கத்தி ஒண்ணு அப்பத்தா டிரங்குப் பெட்டியில கெடந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி துருவெடுத்து, 1000 நம்பர் தீட்டுக்கல்லுல ஆரம்பிச்சு (நம்பர் கூடக் கூட கல்லு நைசு) நார்ட்டன் கம்பெனி 4000/8000 கல்லு வரைக்கும் கொண்டு போய், தோல் வார்ல அம்பது அறுபது இழுப்பு இழுத்து அதுலதான் சவரம் பண்றேன். நல்லாத்தான் வழிக்கும், ஆனா கழுத்துல மட்டும் எரியும். 8000க்கு அப்புறம் கடைசிப் பதத்துக்கு இயற்கைக் கல்லு போட்டா எரிச்சல் போயிடும்னு இதுல ஊறுனவங்க சொல்லுவாங்க, அதுலயும் பெல்ஜியத்துல ஆர்டென் மலைப்பக்கம் வெட்டி எடுக்கிற கோட்டிகுல்னு ஒரு மஞ்சக் கல்லு இருக்கே, அதுக்குத் தனி மவுசு. உள்ள பொடிப்பொடியா கார்னெட் மணி இருக்கும், நம்ம கோமேதகத்துக்குப் பங்காளி. மணிக்கு மூலை மழுங்கலா இருக்கிறதால ஆழமா கீறாம மேலாப்புல சுரண்டும், அதான் அந்தப் பதத்துல சவரம் சாஃப்டா இருக்குமாம்.

போன தை மாசம் அந்தக் கடையில ஒரு பழைய மரப்பெட்டிக்குள்ள மஞ்சக் கல்லு, அடியில கறுப்புக் கல்லு ஒட்டுனது, ஆறு இஞ்ச் நீளம். எனக்குக் கை நடுங்கிருச்சு. ஏன்னா அசல் கோட்டிகுல்லும் அப்படித்தான் வரும், மஞ்சப் படிவம் மெல்லிசு, உடையும்னு பெரும்பாலும் அடியில ஸ்லேட் ஒட்டித்தான் விப்பாங்க. கடைக்காரர் என் மூஞ்சியப் பாத்துட்டாரு, அதுதான் நான் பண்ண மொத தப்பு.

"என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க, செட்டியார் வீட்டு சாமான், அவுக ஐயா ரங்கூன்ல இருந்து கொண்டு வந்தது. தூண் பர்மாத் தேக்கு, கண்ணாடி பெல்ஜியம், கண்ணாடி வந்த கப்பல்ல கல்லு வராதா?"

இதக் கேட்டு நான் தலையாட்டுனேன் பாருங்க, அதுதான் இன்னும் வயித்தெரிச்சல். நம்ம ஊருக்கு அது நடந்திருக்கக் கூடிய கதைதானே, எந்த வீட்டுக்குள்ள போனாலும் பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி மார்பிள் தொங்குது கெடக்குது, அப்ப கல்லும் வந்திருக்கும்னு மனசு தானாவே முடிச்சுப் போட்டுக்குது. 9,000 சொன்னாரு, 7,500க்கு முடிஞ்சுது. பில்லுல "கல் 1"ன்னு மட்டும் எழுதிருந்தாரு, அதையும் வீட்டுக்கு வந்துதான் பாத்தேன்.

அன்னிக்கு ராத்திரியே உக்காந்துட்டேன். தண்ணி விட்டு, சின்னத் துண்டு கல்லால தேச்சு, கல்லுப்பொடி கரைஞ்ச பால் எடுத்து, கத்தி முதுகும் வாயும் சேந்து படிய வச்சு இழுக்க ஆரம்பிச்சேன். அசல் கல்லா இருந்தா பத்து இருபது இழுப்புல அந்தப் பால் சாம்பல் கலராயிடணும், இரும்பு கரையுறதுக்கு அதான் சாட்சி. இங்க அரைமணி நேரமாகியும் சந்தனம் அரைச்ச மாதிரி வெள்ளை மஞ்சளாவே இருக்கு. சரி நம்ம கைதான் சரியில்லன்னு கொஞ்சம் அழுத்திட்டேன். கடைசிக் கல்லுல அழுத்தவே கூடாது, கத்தியோட கனமே போதும், தெரிஞ்சும் அழுத்துனேன். காலையில கன்னத்துல வச்சா முடியப் புடிச்சு இழுக்குது, லென்ஸ் வச்சுப் பாத்தா கத்தி வாயில மூணு எடத்துல பொடிப் பல்லு, அதாவது விளிம்பு சிதறிருக்கு.

எங்க தெருப் பத்தர்கிட்ட கொண்டு போனேன். அவரு உரைகல்லுல தங்கம் பாக்குற மனுசன், கல்லைக் கையில வாங்கித் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணும் பேசல, தங்கம் சோதிக்க வச்சிருக்கிற ஆசிட்ல ஒரு சொட்டு ஓரத்துல வச்சாரு. சோடாவத் திறந்த மாதிரி நுரைச்சுது. அடிக் கறுப்புலயும் வச்சாரு, அதுவும் நுரைச்சுது.

"தம்பி, மேல ராஜஸ்தான் மஞ்சக் கல்லு, தரைக்குப் போடுவாகளே அது. கீழ கடப்பாக் கல்லு. நடுவுல அரால்டைட்டு."

ரெண்டுமே சுண்ணாம்புக் கல்லு. சுண்ணாம்புக் கல்லு கத்தி இரும்பை விட மெத்துனது, அது எப்படிக் கத்தியத் தீட்டும், கத்திதான் அதைத் தீட்டிருக்கு. நான் பாத்த பால் பூரா கல்லு கரைஞ்சதுதான். பல்லு விழுந்தது நான் அழுத்துனதாலயா, கல்லுக்குள்ள எங்கயோ மணல் துகள் இருந்துச்சான்னு தெரியல, ரெண்டும் சேந்து இருக்கலாம்.

திரும்பக் கொண்டு போனேன். தம்பின்னு கூப்ட்ட மனுசன் இப்ப சார்ன்னாரு. "பாத்துத்தானே சார் வாங்குனீங்க, பழைய சாமானுக்கு ரிட்டன் கெடையாது, பில்லுல எங்கயாச்சும் பெல்ஜியம்னு போட்ருக்கா?" காசுக்குப் பதிலா ஒரு எனாமல் தூக்குச்சட்டி எடுத்துக்கங்கன்னாரு, அதுவும் மூடி இல்லாதது. அந்நேரம் உள் ரேக்குல அதே சைஸ்ல அதே மஞ்சள்ல இன்னும் ரெண்டு கல்லு இருந்துச்சு. ரங்கூன்ல இருந்து எத்தனை வந்துச்சுண்ணே அப்படின்னு கேட்டுட்டு வந்துட்டேன். அந்த ரெண்டும் யார் தலையிலயாவது விழப் போகுது, அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

வாங்கணும்னா, கடையிலயே ஓரத்துல லேசா சுரண்டி அந்தப் பொடி மேல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சு பாருங்க, சுண்ணாம்புன்னா பொடிப்பொடியா கொப்புளம் வரும், சில கல்லுல லேசாத்தான் வரும் உத்துப் பாக்கணும். கோட்டிகுல், ஸ்லேட் வகை, அமெரிக்கா அர்கன்சாஸ் தீட்டுக்கல்லு எதுவுமே நுரைக்காது. நுரைக்கலேன்னா அசல்னு அர்த்தம் இல்ல, அதையும் மனசுல வச்சுக்கங்க. பழைய கத்தி ஒண்ணு கொண்டு போய் தண்ணி விட்டுத் தேச்சு, பால் கறுக்குதான்னு பாக்குறது இன்னும் நல்லது, விக்கிறவரு அதுக்கு ஒத்துக்கலேன்னா கெளம்பிடுங்க. ஆணியால கீறிப் பாக்கச் சொல்லுவாங்க, அது வேணாம், அசல் கல்லுலயும் மைக்கா மாதிரி மெத்துனது கலந்திருக்கிறதால கீறல் விழும், நல்ல கல்லை வீணாக்கிடுவீங்க. ஒட்டுனதுன்னு மட்டும் பாத்தும் சந்தேகப்பட வேணாம். பில்லுல மட்டும் என்ன கல்லுன்னு பேரோட எழுதி வாங்கிருங்க.

கத்திய மறுபடி 1000ல போட்டுப் பல்லு போற வரைக்கும் தேய்க்க ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு, ஐயா கத்தி ஒரு நூல் அகலம் கொறைஞ்சிருக்கும். இப்பவும் 8000, தோல் வார், அதே கழுத்து எரிச்சல். கல்லு அடுப்படியில அருவாமனை ஆடாம இருக்க முட்டுக் குடுத்துக் கெடக்கு, அம்மா மட்டும் நல்ல கல்லுங்கிறாங்க.