ரப்பர் பாலுக்கு எந்த ஆசிட்: ஃபார்மிக்கா, அசிட்டிக்கா, சல்பியூரிக்கா?

ரப்பர் விளையும் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை பக்கம் வேதியியல் சொல்லித்தருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அமிலத்தைக் காட்ட ஆய்வகம் தேட வேண்டாம். பாதிப் பிள்ளைகளின் வீட்டுப் பின்புறத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் இருக்கும், பக்கத்திலேயே பாலை உறைய வைக்க ஒரு கேன் ஆசிட்டும் இருக்கும். போன வாரம் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், ஃபார்மிக் அமிலம் வலிமை குறைந்தது என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கேனைத் திறக்கும்போது தெறித்து அம்மா கை பொத்துப் போச்சே?"

நல்ல கேள்வி. வலிமை வேறு, செறிவு வேறு. ஒரு அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் நூறு மூலக்கூறில் எத்தனை ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் வலிமை. 0.1 மோலார் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நூறுக்கு நூறும் கொடுக்கும். ஃபார்மிக் சுமார் 4, அசிட்டிக் ஒன்றுக்குச் சற்று மேல். ஆனால் கேனில் இருப்பது 85% ஃபார்மிக். அது செறிவு. தோலில் பட்டதும் கொஞ்சம் அயனி செலவாகும். செலவான இடத்தை நிரப்ப மிச்ச மூலக்கூறுகளும் பிரிந்துகொண்டே இருக்கும். அதனால் வலிமை குறைந்தது என்பதற்காக யாரும் கையுறை இல்லாமல் கேனைத் தொடக் கூடாது. நீர்க்க வைக்கும்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். (மாமரத்து முசுறு கடித்தால் எரிகிறதே, அதுவும் இதே அமிலம்தான். ஃபார்மிக் என்ற பெயரே எறும்புக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.)

இனி ரப்பர் பாலுக்கு வருவோம். சிரட்டையில் விழும் புதுப் பாலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும்) 7-க்குச் சற்றுக் கீழே இருக்கும். அதில் ரப்பர் துகள்கள் எதிர்மின் சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. பிஎச் 4.7 பக்கம் இறங்கும்போது அந்தச் சுமை போய்விடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பால் உறையும். ஆக, நமக்கு வேண்டியது பிஎச் 1 அல்ல, 4.7. மூன்று ஆசிட்டும் இங்கேதான் பிரிகின்றன.

ஒரு அமிலத்தில் பாதி பிரிந்திருக்கும் பிஎச்-தான் அதன் பிகேஏ; அது குறைந்தால் வலிமை கூடுதல். அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76. அதாவது உறையும் அந்த இடத்தில் அதில் பாதிதான் பிரிந்திருக்கும், மிச்சப் பாதி வேலை செய்யாமல் கிடக்கும். ஃபார்மிக்கின் பிகேஏ 3.75. ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் அது பத்து மடங்கு வலிமை. அதே 4.7-இல் ஃபார்மிக் ஏறத்தாழ 90% பிரிந்துவிடும். மூலக்கூறு எடையும் 46தான், அசிட்டிக்குக்கு 60. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 100 கிராம் ஃபார்மிக் செய்கிற வேலைக்கு அசிட்டிக் 250 கிராம் வேண்டும். விலையைப் பார்க்கும்போது கிலோ விலையை மட்டும் பார்க்காமல் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

சல்பியூரிக் வலிமை மிகுந்தது, ஒரு மூலக்கூறுக்கு இரண்டு அயனி. அப்படியானால் பாதி போதுமா? போதாது. அதன் மூலக்கூறு எடை 98. எடைக்கு எடை பார்த்தால் இந்த பிஎச்-இல் ஃபார்மிக்கும் சல்பியூரிக்கும் கிட்டத்தட்ட சமம்! இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். விலை குறைவு என்று சிலர் சல்பியூரிக்குக்குப் போகிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஃபார்மிக் 101 டிகிரியில் கொதிக்கிற அமிலம், காய்ந்து புகை போடும்போது மிச்சம் ஆவியாகும். சல்பியூரிக் அப்படிப் போகாது, கழுவி எடுக்காவிட்டால் ஷீட்டிலேயே தங்கிக் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும். அளவு கொஞ்சம் கூடினாலும் பிஎச் சட்டென்று கீழே விழும்.

அசிட்டிக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பிகேஏ-யும் உறையும் பிஎச்-உம் ஒன்றாக இருப்பதால், கை தவறிக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாலும் பிஎச் பெரிதாக நகராது. புதிதாக ஷீட் அடிக்கப் பழகுகிறவர்களுக்கு அது உதவி. கை பழகியவர்களுக்கு ஃபார்மிக்தான் என் தேர்வு.

பால் முன்கூட்டியே உறைந்துவிடாமல் இருக்க அமோனியா விட்டிருந்தால் மட்டும் கணக்கு மாறும். அமோனியா வலிமை குறைந்த காரம்தான். ஆனாலும் ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அளவு) அமோனியா ஒரு மோல் ஃபார்மிக்கையோ அசிட்டிக்கையோ முழுசாகத் தின்னும், அரை மோல் சல்பியூரிக்கையும் அப்படியே. நடுநிலையாக்கும்போது வலிமை கணக்கில் வராது, எண்ணிக்கைதான் வரும். வழக்கமான அளவை ஊற்றியும் அன்றைக்குப் பால் உறையவில்லை என்றால் ஆசிட்டில் கலப்படம் என்று கடைக்காரரிடம் போக வேண்டாம், எவ்வளவு அமோனியா விட்டோம் என்று முதலில் பாருங்கள்.