எஃப்எம்ஆர்ஐப்ரெப், அப்டெய்னர், டேட்டாலாட்: நாகர்கோவிலிலிருந்து ஒரு நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

நாகர்கோவிலில் வீட்டிலுள்ள லினக்ஸ் டெஸ்க்டாப்பில்தான் மூளை ஸ்கேன் தரவுகளை அலசுகிறேன். இரண்டு வருடம் கழித்து ஓட்டினாலும், இன்னொருவர் கம்ப்யூட்டரில் ஓட்டினாலும் அதே எண் வரவேண்டும். அதற்காகவே எஃப்எம்ஆர்ஐப்ரெப் (ஸ்கேனை அலசலுக்குத் தயாராக்கும் மென்பொருள்), அப்டெய்னர் (மென்பொருளை அது ஓடும் சூழலோடு பொதியும் கருவி), டேட்டாலாட் (தரவின் மாற்ற வரலாற்றைப் பதியும் கருவி) ஆகிய மூன்றையும் சில வருடங்களாகச் சேர்த்துப் பயன்படுத்தி வருகிறேன்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பார்கள். ஃப்ரீசர்ஃபர் (மூளைப் பகுதிகளை அளக்கும் மென்பொருள்) பதிப்பு மாறினால் மட்டுமல்ல, மாக் ஓஎஸ் பதிப்பு மாறினாலே மூளைப் பகுதிகளின் அளவு மாறிவிடுகிறது என்று 2012-இலேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. புரோகிராம் கோடை 'கிட்'டில் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போட்டு வைத்தால் மட்டும் போதாது. அது ஓடிய சூழலும் கூடவே இருக்க வேண்டும்.

அதற்கு அப்டெய்னர்தான் என் முதல் சிபாரிசு. மென்பொருள் மொத்தமும் ஒரே சிஃப் கோப்பாகிவிடும். பல ஜிபி வரும். இங்கே மழை பிடித்தால் நெட்டை நம்ப முடியாது, ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து கொடுத்துவிடுவேன். டாக்கர் ஹப்பிலிருந்து (இப்படிப் பொதிந்த மென்பொருள்களின் இணையக் கிடங்கு) எடுப்பவர்கள் 'லேட்டஸ்ட்' டேகைத் தொடாதீர்கள். அது இன்று ஒரு பதிப்பு, நாளை வேறொன்று.

எஃப்எம்ஆர்ஐப்ரெப்பில் ரேண்டம் சீடை (தற்செயல் எண்கள் தொடங்கும் எண்) கட்டாயம் குறிப்பிடுங்கள். ஸ்கேன் படத்திலிருந்து மண்டையோட்டை நீக்கும் படிக்குத் தனி சீட் ஆப்ஷன் உண்டு, அதையும் போட வேண்டும். த்ரெட்டும் (ஒரே சமயத்தில் இணையாக ஓடும் கணக்கு இழை) ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பல த்ரெட்டுகள் ஓடினால் தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறி, கடைசி இலக்கங்கள் ஆடும். நேரம் நன்றாகவே இழுக்கும், அதனால் இறுதி ஓட்டத்துக்கு மட்டும் அப்படி வைக்கிறேன். நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லை. ஒர்க் டைரக்டரியை (இடைநிலைக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) அழிக்காமல் வைத்திருந்தால், முடிந்த படிகளை விட்டுவிட்டு மீதியை ஓட்டும்.

மார்த்தாண்டத்தில் இருக்கும் தம்பி ஒருவன் அதே சிஃப் கோப்பை ஓட்டிவிட்டு, "அண்ணே, எம்டிஃபைவ் ஒத்து வரல்லியே" என்று போன் செய்தான். இரண்டு கோப்பும் ஒன்றுதானா என்று பார்க்க உதவும், கைரேகை மாதிரியான குறியீடுதான் எம்டிஃபைவ். இருவருக்கும் வந்த படக் கோப்புகளை நம்பையில் (பைதானின் கணக்கு நூலகம்) ஏற்றிக் கழித்துப் பார்த்தோம்; எல்லா வாக்ஸலிலும் (முப்பரிமாணப் படத்தின் ஒரு புள்ளி) பூஜ்யம். ஜிஇசட்டாகச் சுருக்கும்போது கோப்பின் தலைப்பகுதியில் நேரமும் பதிவாகிவிடலாம், படம் மாறாமலேயே எம்டிஃபைவ் மாறிவிடும். அதனால் வாக்ஸல்களை ஒப்பிடுங்கள்.

டேட்டாலாட் பழகக் கொஞ்சம் கஷ்டம்தான். கோப்புகள் சிம்லிங்க்காக (வேறிடத்திலுள்ள கோப்பைச் சுட்டும் இணைப்பு) நிற்பதும், திருத்தப் போனால் பூட்டியிருப்பதும் புதியவர்களைக் குழப்பும். ஆனாலும் விடமாட்டேன். மூளை ஸ்கேன்களைப் பொதுவில் பகிரும் தளமான ஓபன்நியூரோவின் பெரிய தொகுப்பிலிருந்து வேண்டிய நபரின் ஸ்கேனை மட்டும் இறக்கலாம். கட்டளையை டேட்டாலாடின் 'ரன்' வழியாக ஓட்டினால், எது எந்தக் கோப்பை உண்டாக்கியது என்பது வரலாற்றிலேயே இருக்கும், 'ரீரன்' கொடுத்தால் அதையே திரும்ப ஓட்டும்.

இவ்வளவும் செய்தால் கிடைப்பது அதே எண்தான், சரியான முடிவு என்று அர்த்தமில்லை. 2020-இல் நேச்சரில் வந்த நார்ப்ஸ் ஆய்வில் 70 குழுக்கள் ஒரே தரவை அலசின. எந்த இரண்டு குழுவின் வழியும் ஒன்றாக இல்லை, முடிவுகளும் கணிசமாக வேறுபட்டன. ஆகவே ஸ்மூத்திங் (படத்தை மழமழப்பாக்குவது) எவ்வளவு, எந்த அசைவுத் திருத்தம், ஏன் என்பதையும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எழுதி, கோடோடு சேர்த்தே கொடுக்கிறேன்.