ஐசி 814: கைநழுவிய 48 நிமிடம்

விமானக் கடத்தல் என்றதும் சிங்கப்பூரில் பலருக்கும் நினைவு வருவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 117. 1991 மார்ச் 26 இரவு, கோலாலம்பூரின் சுபாங்கிலிருந்து கிளம்பிய அந்த விமானம் கடத்தல்காரர்களோடு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கியது. மறுநாள் காலை 6.50க்குக் கமாண்டோக்கள் உள்ளே புகுந்தார்கள். அரை நிமிடத்தில் கடத்தல்காரர் நால்வரும் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். பயணிகளில் ஒருவரும் சாகவில்லை. அதை அறிந்தவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸில் உள்ள ‘ஐசி 814: தி காந்தஹார் ஹைஜாக்’ தொடரைப் பார்ப்பது எளிதாக இருக்காது. இந்தக் கதையில் படை வருவதற்குள் விமானம் பறந்துவிடுகிறது.

1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814 என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை ஐந்து பேர் கடத்தினார்கள். அமிர்தசரஸ், லாகூர், துபாய் வழியாக ஆப்கானிஸ்தானின் காந்தஹார் போய், பயணிகளை மீட்க மூன்று கைதிகளை இந்தியா விடுவித்த பிறகு டிசம்பர் 31இல் முடிந்த கதை அது. அனுபவ் சின்ஹா இயக்கிய தொடர் 2024 ஆகஸ்டில் வந்தது. மொத்தம் ஆறு பகுதிகள். விடுமுறை நாள் ஒன்றில் முழுவதையும் பார்த்துவிடலாம்.

தொடரின் உயிர் அமிர்தசரஸில்தான் இருக்கிறது. விமானம் இரவு 7.01க்கு இறங்கியது, 7.49க்கு மேலே ஏறியது. இந்திய மண்ணில் அது நின்றது இந்த 48 நிமிடம்தான். தொட்டியில் எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது. நிரப்பக் கேட்கிறார் கேப்டன். டேங்கர் லாரியைக் கொண்டுபோய் விமானத்தின் வழியை மறித்துவிட்டால் அது நகர முடியாது. டெல்லியிலிருந்து கமாண்டோக்கள் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். திட்டத்தில் குறையில்லை. ஆனால் கட்டளை யார் வாயிலிருந்து வர வேண்டும் என்று தெரியாமல் டெல்லியில் தொலைபேசிகள் அடித்துக்கொண்டே இருக்கின்றன. தாமதமாகக் கிளம்பிய டேங்கரைப் பார்த்துக் கடத்தல்காரர்களுக்குச் சந்தேகம் தட்டுகிறது. எண்ணெய் நிரப்பாமலேயே விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கிறது. நமக்கு முடிவு தெரியும், இருந்தாலும் கை இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

சாங்கியோடு ஒப்பிடும்போது நியாயமாகவும் பேச வேண்டும். அங்கே இரவு முழுவதும் பேச நேரம் கிடைத்தது, படை பக்கத்திலேயே இருந்தது. அமிர்தசரஸில் இரண்டுமே இல்லை. தொடர் இந்த வேறுபாட்டை வாய்விட்டுச் சொல்வதில்லை, காட்சிகளே அதை உணர்த்திவிடுகின்றன.

விமானி அறையைக் கூர்ந்து பாருங்கள். ஏர்பஸ் ஏ300 ரகத்தின் அந்தப் பழைய மாடலில் கேப்டன், துணை விமானி, அவர்களோடு ஃபிளைட் எஞ்சினியர் என மூவர் இருப்பார்கள். எவ்வளவு எண்ணெய் மிச்சம், இன்னும் எத்தனை நிமிடம் பறக்கலாம் என்பதுதான் இந்தக் கதையின் கடிகாரம். லாகூரில் ஓடுபாதை விளக்குகளை அணைத்துவிட்டதால், சாலை விளக்குகளை ஓடுபாதை என்று நினைத்துக் கீழே இறங்கப் போனதும், கடைசி நேரத்தில் மேலே தூக்கியதும் உண்மையில் நடந்தவை. கேப்டன் தேவி சரண் பத்திரிகையாளர் ஒருவரோடு சேர்ந்து எழுதிய புத்தகம் கைவசம் இருந்ததால்தான் இந்த இடங்களெல்லாம் இவ்வளவு துல்லியமாக வந்திருக்கின்றன. விஜய் வர்மா அந்தக் கேப்டனைக் கதாநாயகனாக்காமல் களைத்துப்போன ஒரு வேலைக்காரராக நடித்திருக்கிறார். காந்தஹாரில் நாள்கணக்கில் நிற்கும் விமானத்தில் கழிவறை அடைத்துக்கொள்ளும் காட்சி போதும், உள்ளே இருந்தவர்கள் எதைத் தாங்கினார்கள் என்று புரிய.

நமக்கு அறிமுகமான முகம் அரவிந்த் சாமி. வெளியுறவுத் துறை அதிகாரியாகக் குரல் உயர்த்தாமல் பேசுகிறார். அவர் மௌனமாக இருக்கும் இடங்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன. நசீருதீன் ஷா, பங்கஜ் கபூர் இருவரும் டெல்லியில் முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். குறையும் அதே மேசையில்தான். பெயர்களை மாற்றிவிட்டதால் எந்த முடிவை எடுத்தவர் யார் என்பது மங்கிவிடுகிறது. செய்தியாசிரியர் அறைக் காட்சிகளை இன்னும் வெட்டியிருக்கலாம்.

கடத்தல்காரர்கள் ‘போலா’, ‘சங்கர்’ என்று இந்துப் பெயர்களால் ஒருவரையொருவர் அழைப்பது இந்தியாவில் பெரிய சர்ச்சையானது. அவர்கள் விமானத்துக்குள் பயன்படுத்திய மாற்றுப் பெயர்களே அவை. இந்திய உள்துறை அமைச்சு அவற்றை 2000 ஜனவரியிலேயே வெளியிட்டிருந்தது. சர்ச்சைக்குப் பிறகு தொடக்க அறிவிப்பில் உண்மைப் பெயர்களும் சேர்க்கப்பட்டன. அந்த அறிவிப்பைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள்.

தேனிலவு முடித்துத் திரும்பிய இளைஞர் கொல்லப்படும் பகுதி கடுமையானது. பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டுப் பாருங்கள். இந்தி ஒலியை அப்படியே வைத்து ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லது. விமானிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடக்கும் வானொலி உரையாடல்களின் பதற்றம் குரலில்தான் இருக்கிறது.

எனக்குப் பெரிய ஏமாற்றம் முடிவு. விடுவிக்கப்பட்ட மூவரில் மசூத் அசார் 2000இல் ஜெய்ஷ்-இ-முகமது என்ற தீவிரவாத அமைப்பைத் தொடங்கினார். ஒமர் ஷேக் 2002இல் பத்திரிகையாளர் டேனியல் பேர்ல் கடத்தப்பட்ட வழக்கில் கைதானார். ஏழாவது பகுதி ஒன்றுக்கே இடமிருக்கும் இந்தப் பின்விளைவுகளைத் திரையில் சில வரி எழுத்தாகக் காட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள்.