ஒரே உதவியாளர், பல திரைகள்: சாட்ஜிபிடி எங்கெல்லாம் நம்மை அடையாளம் காண்கிறது?

காலையில் கைப்பேசியில் “எனக்குச் சர்க்கரை உண்டு, சோறு ஒரு வேளைதான்” என்று சொல்லி வைத்ததை மாலையில் அலுவலகக் கணினியில் மறுபடி சொல்ல நேர்ந்தால், அது தினம் ஒரு புது ஆளை வேலைக்கு வைப்பது மாதிரி. கைப்பேசி, உலாவி, கணினிச் செயலி, குரல், ஐபோனின் சிரி என எங்கே கூப்பிட்டாலும் அதே ஆள்தான் வருகிறாரா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மட்டும், ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான சாட்ஜிபிடியை இங்கே பார்க்கிறோம். கணக்குப் போடும் திறமை, படம் வரையும் அழகு எல்லாம் வேறு கதை.

நம்மைப் பற்றிய விவரம் சாதனத்தில் தங்குவதில்லை, கணக்கில்தான் தங்குகிறது. கணக்கு ஒன்றாக இருக்கும்வரை ஒத்திசைவு நன்றாகவே நடக்கிறது. உரையாடல் வரலாறு, நினைவு, தனிப்பயன் அறிவுறுத்தல், ப்ராஜெக்ட் (ஒரு வேலைக்கான பேச்சுகளைத் தனியாகத் தொகுத்து வைக்கும் இடம்) எல்லாம் எந்தத் திரையில் திறந்தாலும் வந்து நிற்கும்.

ஆகவே முதல் கோளாறும் கணக்கில்தான் வரும். “போனில் இருந்த பேச்சு கம்ப்யூட்டரில் காணோம்” என்பவர்களில் பெரும்பாலானோருக்கு எதுவும் தொலைந்திருக்காது. இரண்டு கணக்கு இருக்கும். ஐபோனில் ஆப்பிள் வழியாக நுழையும்போது ‘என் மின்னஞ்சலை மறை’ என்பதைத் தொட்டுவிட்டால், ஆப்பிள் ஒரு புனைமுகவரியை உருவாக்கி அதை அனுப்பிவிடும். பிறகு மடிக்கணினியில் ஜிமெயிலில் நுழைந்தால் அது வேறு ஆள். எனவே முதல் வேலை, எல்லாச் சாதனத்திலும் அமைப்புகளைத் திறந்து அங்கே காட்டும் மின்னஞ்சல் ஒன்றுதானா என்று பார்ப்பது. வேறாக இருந்தால் எந்தக் கணக்கில் வரலாறு அதிகமோ, எதில் சந்தா கட்டியிருக்கிறதோ, அதை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். இரண்டையும் கலந்து ஒன்றாக்க வழியில்லை.

கணக்கு சரியானபின் தனிப்பயனாக்கம் மூன்று அடுக்காக நடக்கிறது. மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

முதல் அடுக்கு நாமே எழுதித் தருவது: தனிப்பயன் அறிவுறுத்தல். 2023 ஜூலையில் வந்தது; ஒரு பெட்டிக்கு 1,500 குறிகள் வரம்பு. தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கணினி நம் எழுத்தை எண்ணுவதில்லை, யூனிகோடு குறியை எண்ணுகிறது. ‘கொடுக்கிறேன்’ என்பது நமக்கு ஆறு எழுத்து; மெய்க்கும் உயிர்மெய்க்கும் அகரமேறிய எழுத்து ஒன்று, புள்ளியோ கொம்போ காலோ ஒன்று என்று கணினிக்குப் பன்னிரண்டு. ஆகவே 1,500 என்பது கையில் 900, 1,000 எழுத்தாகக் கரைந்துவிடும். சுருக்கமாக எழுதத்தான் வேண்டும். அது நல்லதும்கூட.

இரண்டாம் அடுக்கு, சேமித்த நினைவு. “இதை நினைவில் வைத்துக்கொள்” என்று நாம் சொன்னாலும் எழுதிக்கொள்ளும், சொல்லாமல் தானாகவும் எழுதிக்கொள்ளும். அமைப்புகளில் தனிப்பயனாக்கம் பகுதிக்குள் போனால் அதன் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு வரியாக அழிக்கலாம். மூன்றாம் அடுக்கு, பழைய உரையாடல்களைத் திரும்பிப் பார்ப்பது. கட்டணப் பயனர்களுக்கு 2025 ஏப்ரலிலும், இலவசப் பயனர்களுக்குச் சற்றே மெலிந்த வடிவில் அதே ஆண்டு ஜூனிலும் வந்தது. இதற்குப் பட்டியல் கிடையாது. எந்தப் பழைய பேச்சிலிருந்து எதை எடுத்தது என்று வரிவரியாகப் பார்த்துத் திருத்தவும் முடியாது.

நம் தீர்ப்பு: முதல் அடுக்கை முழுதாக நம்பலாம். இரண்டாவதை மாதம் ஒருமுறை கூட்டிப் பெருக்க வேண்டும். மூன்றாவது, ஒருவர் மட்டும் புழங்கும் கணக்கில் வசதி. வீட்டில் நாலு பேர் புழங்கும் கணக்கில் தொல்லை.

அது எப்படி என்றால், அப்பாவின் கணக்கில் மகன் பள்ளிப் பாடம் கேட்கிறான், அம்மா பலகாரக் குறிப்பு கேட்கிறார். உதவியாளருக்கு மூவரும் ஒரே ஆள்தான். ‘பயனருக்குச் சர்க்கரை நோய்’, ‘பயனர் எட்டாம் வகுப்பு படிக்கிறார்’ என்று இரண்டும் அடுத்தடுத்த வரியில் ஏறும். அப்புறம் தீபாவளிக்கு அதிரசம் செய்யக் கேட்டால் வெல்லத்தைக் குறைக்கச் சொல்லும்; வெல்லம் குறைந்தால் பதம் தவறும், அதிரசம் சரியாக வராது. சமையல் தெரியாததால் வந்த பிழை இல்லை இது. ஆள் மாறியது தெரியாததால் வந்தது. ஆளுக்கு ஒரு கணக்கு வைப்பதே சரியான தீர்வு. முடியாதபோது, இன்னொருவர் கேட்கும்முன் தற்காலிக உரையாடலைத் திறந்து கொடுங்கள். அது நினைவைத் தொடாது, வரலாற்றிலும் நிற்காது. ஆனால் பாதுகாப்புக் காரணத்துக்காக 30 நாள் வரை நிறுவனத்திடம் இருக்கலாம் என்பதை அறிந்தே பயன்படுத்த வேண்டும்.

ஒரே ஆளுக்கே இரண்டு வாழ்க்கை இருந்தால் ப்ராஜெக்ட் உதவும். அலுவலக வேலைக்கு ஒரு ப்ராஜெக்ட். அதை உருவாக்கும்போதே ‘இந்த ப்ராஜெக்டின் நினைவு மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வீட்டு விஷயம் உள்ளே வராது, அலுவலக விஷயம் வெளியே போகாது. ஜிபிடிகளை, அதாவது ஒரு வேலைக்கென்று சாட்ஜிபிடிக்குள் நாமே அமைத்துக்கொள்ளும் தனி உதவியாளர்களை, பலர் இதற்காக நாடுகிறார்கள். 8,000 குறி வரை அறிவுறுத்தல், 20 கோப்பு வரை இணைப்பு என்று அவற்றில் இடம் தாராளம்தான். ஆனால் உருவாக்குவதற்கு உலாவிக்குத்தான் போக வேண்டும், கைப்பேசிச் செயலியில் நடக்காது. மேலும் சேமித்த நினைவு அவற்றுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ‘என்னைத் தெரிந்த ஆள்’ வேண்டும் என்பவருக்கு அது பொருந்தாது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய மட்டும் நல்லது.

இனி அந்த அறிவுறுத்தலை எப்படி எழுதுவது? பெரும்பாலோர் ‘நான் நேர்மையானவன், தொழில்நுட்ப ஆர்வம் உள்ளவன்’ என்று கல்யாணத் தரகருக்குக் கொடுக்கும் குறிப்பு மாதிரி எழுதுகிறார்கள். அதனால் பதிலில் எதுவும் மாறாது. நடத்தையை மாற்றும் வரிகள் இப்படி இருக்கும்:

“தமிழில் கேட்டால் தமிழில் பதில். செய்தித்தாள் தமிழ் வேண்டாம், பேச்சுக்கு நெருக்கமான எளிய நடை. தொகையை லட்சம், கோடியில் சொல். கமாவை 1,00,000 என்று போடு. அளவு கிராம், லிட்டர். ‘அருமையான கேள்வி’ மாதிரி முன்னுரை வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஊகிக்காமல் ஒரு கேள்வி கேள். எழுத்தில் அட்டவணை போடலாம்; குரலில் பேசும்போது மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம்.”

கடைசி வரிக்குத்தான் விலை அதிகம். அறிவுறுத்தல் எல்லாத் திரைக்கும் ஒன்றே, திரைகள் ஒன்றல்ல. ‘எப்போதும் அட்டவணையாகக் கொடு’ என்று கணினியை நினைத்து எழுதினால், வண்டி ஓட்டிக்கொண்டே காதில் கேட்பவருக்கு அது அட்டவணையை வரிசை வரிசையாக ஒப்பிக்கப் பார்க்கும். ஆகவே ‘எழுத்தில் இப்படி, குரலில் அப்படி’ என்று பிரித்து எழுதுங்கள்.

குரலுக்கு இன்னொன்று. செயலியின் பேச்சுப் பகுதியில் முதன்மை மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விட்டால், தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற நம் பேச்சில் அது தடுமாறும். தமிழையே தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது. ஒலிவாங்கி அனுமதியும் அந்தந்தச் சாதனத்தின் விஷயம். ஒன்றில் கொடுத்தது மற்றதற்குப் போகாது.

தமிழுக்கு இந்தக் கருவி ஓரளவு தோதாக வந்ததே 2024 மே மாதம் அதை இயக்கும் மாடலாக ஜிபிடி-4ஓ வந்தபிறகுதான். அதுவரை தமிழ் எழுத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித்தான் மாடல் படித்தது. ஓப்பன்ஏஐ காட்டிய மாதிரியில் ஒரே தமிழ்ப் பகுதி 116 துண்டிலிருந்து 35 துண்டாகக் குறைந்தது. துண்டு குறைந்தால் ஒரே பேச்சில் கூடுதலாக நினைவு நிற்கும், பதிலும் வேகமாக வரும். இன்னும் ஆங்கிலத்துக்குச் சமம் என்று சொல்ல முடியாது. நீண்ட உரையாடலில் முதலில் சொன்னது மறப்பது தமிழில் சீக்கிரமே தெரியும். தலைப்பு மாறினால் புது உரையாடல் தொடங்குவதே மருந்து.

கணினிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேக்கில் ஆப்பிள் சில்லும் மேக்ஓஎஸ் 14-உம் வேண்டும்; பழைய இன்டெல் மேக்காரர்கள் உலாவியோடு நின்றுகொள்ளலாம், இழப்பு ஏதும் இல்லை. விண்டோஸில் ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் சிறு பெட்டி திறக்கும். அதே விசைகள் விண்டோஸில், திறந்திருக்கும் ஜன்னலைப் பெரிதாக்க, மூட உதவும் பட்டியலுக்கும் உரியவை என்பதால் முட்டிக்கொள்ளும். அமைப்புகளில் வேறு விசைக்கு மாற்றிவிடுங்கள்.

சிரிக்குள் சாட்ஜிபிடி 2024 டிசம்பரில் ஐஓஎஸ் 18.2 வழியாக நுழைந்தது. ஐபோன் 15 ப்ரோவும் அதற்குப் பிந்தைய, ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் இயங்கும் மாடல்களும் வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, கணக்கில் நுழையாமலே அது வேலை செய்யும் என்பது. நுழையாதவரைக்கும் சிரி வழியே வருவது நம்மை அறியாத ஆள். அந்தப் பேச்சு நம் வரலாற்றிலும் சேராது. அமைப்புகளில் போய்க் கணக்கை இணைத்தால்தான் நம் ஆள். அந்தரங்கமாக ஏதாவது கேட்க விரும்புபவர்கள் வேண்டுமென்றே இணைக்காமல் விடலாம்.

வாட்ஸாப் விஷயம் ஒரு பாடம். 2024 டிசம்பரில் ஒரு எண்ணுக்குச் செய்தி அனுப்பினாலே சாட்ஜிபிடி பேசும் என்று வந்தது. அப்பா, அம்மாக்களுக்கு அதுதான் மிக எளிய வாசலாக இருந்தது. 2025 அக்டோபரில் வாட்ஸாப்பை நடத்தும் மெட்டா தன் வணிக விதிகளை மாற்றி, பொதுவான சாட்பாட்களுக்கு இடமில்லை என்றது. 2026 ஜனவரி 15-க்குப் பிறகு அங்கே இருக்காது என்று ஓப்பன்ஏஐயும் அறிவித்தது. எண்ணைத் தன் கணக்கோடு இணைத்தவர்களுக்கு அந்தப் பேச்சு செயலி வரலாற்றில் சேர்ந்தது, இணைக்காதவர்களுக்குச் சேரவில்லை. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்து அலமாரி மாட்டிய கதைதான். வாட்ஸாப்பில் இருக்கும் மெட்டா ஏஐ வேறு ஆள். சாட்ஜிபிடியிடம் சொன்னது அதற்குத் தெரியாது.

விலை. நினைவும் அறிவுறுத்தலும் இலவசக் கணக்கிலேயே உண்டு, தனிப்பயனாக்கத்துக்காக மட்டும் காசு கட்டத் தேவையில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியாவில் கோ என்ற குறைந்த விலைச் சந்தாத் திட்டம் மாதம் 399 ரூபாய்க்கு, யுபிஐ வசதியோடு வந்தது; அதைவிடப் பெரிய ப்ளஸ் திட்டம் அப்போது 1,999. அந்த ஆண்டு நவம்பர் 4-இலிருந்து கோ திட்டத்தை ஓராண்டு இலவசமாகத் தந்தார்கள். அப்படி எடுத்தவர்கள் ஆண்டு முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். ரத்து செய்யும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சந்தாவின் பயன் எல்லாத் திரையிலும் கிடைக்கும். ரத்து மட்டும் வாங்கிய இடத்தில்தான். ப்ளே ஸ்டோரில் வாங்கியதை ப்ளே ஸ்டோரிலும், ஆப் ஸ்டோரில் வாங்கியதை ஐபோன் சந்தாப் பட்டியலிலும், இணையத்தில் வாங்கியதை இணையத்திலும் தேட வேண்டும். செயலியை நீக்கிவிட்டால் சந்தா நிற்காது.

அழிப்பதிலும் அதே மாதிரி ஒரு பொறி. ஓர் உரையாடலை நீக்கினால் அதிலிருந்து எழுதிக்கொண்ட நினைவு தானாகப் போகாது. நினைவுப் பட்டியலிலும் தனியாக அழிக்க வேண்டும், இரண்டையும் செய்தால்தான் முழுமை. ஆதார் எண், வங்கி விவரம், கடவுச்சொல் போன்றவற்றை முதலிலேயே சொல்லாதிருப்பது இதைவிடச் சுலபம். நம் பேச்சைக் கொண்டு மாடலைப் பயிற்றுவிக்க வேண்டாம் என்றால் தரவுக் கட்டுப்பாடுகளில் ‘அனைவருக்குமாக மாடலை மேம்படுத்து’ என்ற பொத்தானை அணைக்க வேண்டும்.

கூகுளின் ஜெமினிக்கோ ஆந்த்ரோபிக்கின் கிளாடுக்கோ மாற நினைப்பவர்களுக்கு: மூன்றிலும் நாமே எழுதும் பெட்டி ஒன்று உண்டு, பெயர்தான் வேறு. ஆண்ட்ராய்டில் தமிழ்க் குரலோடு ஒன்றிப்போவதில் ஜெமினிக்கு ஒரு கை ஓங்கல். ஆனால் அதன் செயல்பாட்டுப் பதிவு, நாம் மாற்றாவிட்டால் 18 மாதம் தங்கும்; அணைத்தாலும் 72 மணி நேரம் இருக்கும். மாறும்போது “என்னைப் பற்றி நினைவில் வைத்திருப்பதை எல்லாம் ஒரே பத்தியாக எழுதிக் கொடு” என்று கேட்டு வாங்கி ஒட்டலாம். அப்படியே ஒட்டிவிடாதீர்கள், சிலவற்றை விட்டுவிடும், சிலவற்றைத் தானே சேர்த்துவிடும். நினைவுப் பட்டியலைப் பக்கத்தில் திறந்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். முழு வரலாறும் வேண்டுமென்றால் தரவுக் கட்டுப்பாடுகளில் ஏற்றுமதி கேட்டால் மின்னஞ்சலில் இணைப்பு வரும். 24 மணி நேரத்தில் அது காலாவதியாகிவிடும், அதற்குள் இறக்குங்கள். உள்ளே ஜிப் கோப்பில் உலாவியில் திறந்து படிக்கத்தக்க பக்கமும் கணினி நிரல்கள் படிக்கும் ஜேசன் வடிவக் கோப்புகளும் இருக்கும்.

கடைசியாக ஒன்று: தனிப்பயன் அறிவுறுத்தலை நேராக அதன் பெட்டியில் எழுதாமல், முதலில் கைப்பேசியின் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஒட்டுங்கள். மேலே தேதி போடுங்கள். அடுத்த முறை மாற்றும்போது எந்த வரியைச் சேர்த்ததால் பதில் கெட்டது என்று தேடுவதற்கு அந்தத் தேதி உதவும்.