பகடை சொன்ன கணக்கு: மாணவர்களுக்கான சூதாட்ட விழிப்புணர்வுப் பயிலரங்கு

என் மகள் படிக்கும் பள்ளியில், இணையச் சூதாட்டம் பற்றி ஒரு தன்னார்வ அமைப்பு பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அரைநாள் பயிலரங்கு நடத்தியது. பெற்றோர் சிலரும் பின்வரிசையில் அமர்ந்து கவனித்தோம்.

பயிற்றுநர் அறிவுரை எதுவும் சொல்லாமல், ஆளுக்கு நூறு பிளாஸ்டிக் வில்லைகளைக் கொடுத்துப் பகடையை உருட்டச் சொன்னார். ஒவ்வொரு முறையும் பத்து வில்லை வைக்க வேண்டும். சொன்ன எண் விழுந்தால் ஐம்பது கிடைக்கும். ஆறு முறைக்கு ஒருமுறை வெல்வதாகவே வைத்துக்கொண்டாலும், அறுபது கட்டி ஐம்பதுதான் திரும்புகிறது என்பதைக் கரும்பலகையில் எழுதுவதற்குள் பலருடைய கையிருப்பு பாதியாகியிருந்தது. இருவரிடம் மட்டும் வில்லைகள் குவிந்திருந்தன. "யாருடைய ஆட்டம் நினைவிருக்கிறது?" என்று அவர் கேட்டதும் வகுப்பே அந்த இருவரைக் கைகாட்டியது. "ஜெயிச்சவன்தான் சார் ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸ்ல வைப்பான்" என்றான் ஒரு மாணவன். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே பயிலரங்கைப் பரிந்துரைப்பேன்.

மறுத்துப் பேசும் பயிற்சிதான் சொதப்பல். "நண்பா, சூதாட்டம் எதிர்காலத்தைக் கெடுக்கும்" என்ற அச்சிட்ட வசனத்தை ஒரு பையன் வாசிக்க, வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்புதான் வந்தது. அழைப்பு பக்கத்து பெஞ்சிலிருந்து, "நூறு ரூபாதானடா, என் ரெஃபரல் கோடு போட்டுச் சேர்ந்தா ரெண்டு பேருக்கும் போனஸ்" என்றுதான் வருகிறது; மறுத்தால் நண்பனுக்கு வர வேண்டியதைத் தடுத்தவன் ஆகிவிடுகிறோம். "எங்க அம்மா ஜிபேயைத் தினமும் பார்ப்பாங்க" என்று பெற்றோர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கும் சாக்குகளைச் சொல்லிக்கொடுத்திருந்தால் பயன்பட்டிருக்கும்.

சட்டம் பற்றிய பகுதி தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தோடு நின்றுவிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்து 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு இயற்றிய சட்டம், நடத்துவோரையும் விளம்பரப்படுத்துவோரையும் தண்டிக்கிறதே தவிர, ஆடியவரைத் தண்டிப்பதில்லை. கடன்பட்டு, போலீசுக்குப் பயந்து வீட்டில் மறைக்கும் பிள்ளைக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

டெலி மானஸ் மனநல உதவி (14416), சிறார் உதவி (1098) ஆகிய எண்கள் அச்சிட்ட அட்டையை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பெற்றோருக்குக் கொடுக்கவில்லை, கேட்டுத்தான் வாங்கினோம். உங்கள் பள்ளிக்கு இத்தகைய குழுவை அழைப்பதானால், ஐபிஎல் தொடங்கும் முன்பே நாள் குறித்துவிடுங்கள்.